பாட்டியின் கல்யாணப் புடவை போட்டோவில் கறுப்பாகத் தெரிகிறது, ஏன்?

பழையபெட்டி:
வணக்கம். வீடு மாற்றுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது தாத்தா, பாட்டி இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று கிடைத்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பாட்டி பக்கத்தில் நிற்கிறாள். அட்டையின் பின்னால் கும்பகோணத்து ஸ்டுடியோ ஒன்றின் முத்திரையும், பென்சிலில் '1941 வைகாசி' என்ற எழுத்தும். அந்த வருஷம் சித்திரையில்தான் அவர்களுக்குக் கல்யாணம்.

பாட்டி கட்டியிருக்கும் புடவை கன்னங்கரேலென்று இருக்கிறது. அதில் மெல்லிய வெளிர்க் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. அதுதான் கல்யாணப் புடவை என்று பெரியம்மா அடித்துச் சொல்கிறாள். புதுப்பெண்ணுக்குக் கறுப்புப் புடவையா? எங்கள் வீட்டில் கறுப்பில் ஒரு இழை ஓடினால்கூட முகூர்த்தத்துக்கு ஆகாது என்பார்கள்.

புடவை இப்போது இல்லை. அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். அதே மாதிரி ஒன்று நெய்து வாங்க முடியுமா என்று பார்க்கிறேன். அதற்கு முதலில் அது என்ன புடவை, என்ன நிறம் என்று தெரிய வேண்டும்.

சுடுசொல்:
தாத்தா சுயமரியாதைக்காரரோ என்னவோ. கறுப்புச் சட்டைக்கு ஜோடியாகப் பாட்டிக்கும் கறுப்பு எடுத்திருப்பார்.

ஒன்பதுகஜம்:
ஆசைதான். கருஞ்சட்டைப் படை பற்றிய பேச்சே 1945-ல்தான் தொடங்குகிறது. நான்கு வருஷம் முந்திவிட்டீர்கள்.

இருட்டறை:
புடவை கறுப்பு இல்லை. அந்த நெகட்டிவுக்குச் சிவப்பு தெரியாது, அவ்வளவுதான்.

நான் முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவன், என் அப்பாவும் அதே தொழில். பழைய பிளேட்டுகளிலும் பிலிம்களிலும் 'ஆர்த்தோ' என்று ஒரு வகை உண்டு. நீலமும் பச்சையும் அதில் பதியும், சிவப்பு பதியாது. அதனால்தான் டார்க்ரூமில் சிவப்பு பல்பு போட்டுக்கொண்டு தைரியமாக வேலை செய்ய முடிந்தது. எல்லா நிறமும் பதிகிற 'பான்குரோ' பிலிம் 1941-க்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் அதை முழு இருட்டில் தடவித் தடவித்தான் கழுவ வேண்டும். சின்ன ஊர் ஸ்டுடியோக்காரருக்குக் கண்ணால் பார்த்துக் கழுவுகிற சௌகரியத்தை விட மனம் வராது. அப்பாவும் அப்படித்தான்.

ஆர்த்தோவில் சிவப்பு, அரக்கு, குங்குமம் எல்லாம் கறுப்பாக விழும். மஞ்சள்கூடக் கொஞ்சம் மங்கித்தான் வரும். வானநீலம் வெள்ளையாகிவிடும். பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுப் படம் எடுக்க வந்தால் முகம் கறுத்து விழுகிறது என்று சண்டை வரும். அப்பா அவர்களை முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வரச் சொல்வாராம்.

உங்கள் போட்டோவிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாட்டியின் நெற்றிப் பொட்டு எப்படி இருக்கிறது? உதடு?

பழையபெட்டி:
பொட்டு மையால் வைத்தது மாதிரி கறுப்பு. உதடும் ரொம்பக் கறுத்திருக்கிறது, வெற்றிலை போட்டிருந்தாளோ என்னவோ. பாட்டி குங்குமம் தவிர வேறு எதுவும் வைத்தவள் இல்லை.

இருட்டறை:
அப்புறம் என்ன. சிவப்போ அரக்கோ, அந்தக் குடும்பத்து நிறம்தான். இன்னும் துல்லியமாகப் போட்டோவிலிருந்து பிரிக்க முடியாது. வெளிர்க் கோடு வெள்ளை நூலாகவோ சரிகையாகவோ இருக்கலாம்.

ஒன்பதுகஜம்:
1941, காவிரிக் கரை, அரக்கு உடல், கட்டம். இது கூறைநாட்டுப் புடவை என்று பந்தயம் கட்டுவேன்.

கூறைநாடு தெரியாதவர்களுக்கு: கொரநாடு என்பார்கள், மயிலாடுதுறையிலேயே ஒரு பகுதி அது. பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கட்டம் போட்ட புடவைகளுக்குப் பேர்போன இடம். மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்து, பெண் அதைக் கட்டிக்கொண்டு வந்து தாலி கட்டிக்கொள்வாள். எங்கள் வீடுகளில் இன்றும் ஊஞ்சலுக்கு ஆறு கஜம், பிறகு உள்ளே போய் மாற்றிக்கொண்டு முகூர்த்தத்துக்கு ஒன்பது கஜம் கூறை. எங்கள் வீட்டுக் கிழவிகள் கூறை என்றால் அரக்கில் கட்டம் போட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

என் பாட்டியின் கூறையை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இன்றைய முகூர்த்தப் பட்டின் கனத்தில் பாதிகூட இருக்காது. அரை அங்குலத்துக்கு ஒரு கட்டம், விரல் அகலத்துக்குக் கரை, முந்தானையில் நாலு வரி சரிகை. அவ்வளவுதான். இன்று இதைக் காட்டினால் 'நாத்தனார் வளைகாப்புக்குக் கட்டுகிற புடவையா?' என்று கேட்பார்கள்.

சுடுசொல்:
இதை ஏற்க மாட்டேன். ஆயிரம் வருஷமாக நம்ம ஊர்க் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் பட்டுதான். கனமான சரிகை, அகலக் கரை, அரக்குச் சிவப்பு. அதுதான் பாரம்பரியம். கட்டம் போட்ட கலப்புப் புடவை, வசதி இல்லாதவர்கள் எடுத்ததாக இருக்கும்.

ஒன்பதுகஜம்:
ஆயிரம் வருஷமா? சரி, பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

அகநானூற்றில் 86-ஆம் பாட்டு முழுக்க ஒரு கல்யாணம். உளுந்து போட்ட பொங்கல், பந்தல், புது மணல், பிள்ளை பெற்ற நாலு பெண்கள் பூவும் நெல்லும் தூவி நீராட்டுவது, எல்லாம் வருகிறது. இரவில் பெண் எதற்குள் ஒடுங்கிக் கிடக்கிறாள்? 'கோடிக் கலிங்கம்'. கோடி என்றால் இன்னும் யாரும் உடுத்தாத புதுத் துணி. நிறம் பற்றிப் பேச்சில்லை, பட்டு பற்றியும் பேச்சில்லை.

ஆண்டாள் கனவு காண்கிறாளே, அங்கே 'மந்திரக்கோடி உடுத்தி'. மறுபடியும் கோடி. அந்தச் சொல் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் கல்யாணத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மின்னு (அவர்கள் தாலி) கட்டிய பிறகு மாப்பிள்ளை பெண்ணின் தலைமேல் போடும் புடவைக்குப் பெயர் மந்திரகோடி. மின்னு கோக்கும் நூலையும் அதிலிருந்தே உருவுவார்கள்.

'கூறை' என்ற சொல்லே முதலில் வெறும் துணிதான். திருமுருகன்பூண்டிப் பதிகத்தில் சுந்தரர், வேடுவர்கள் வழிமறித்துக் குத்திக் 'கூறை கொண்டு' போகிறார்கள் என்று புலம்புகிறார். திருடர்கள் எல்லோருடைய முகூர்த்தப் பட்டையுமா உருவினார்கள்? கட்டியிருந்த துணியை உருவினார்கள்.

ஆக, பழசில் முக்கியம் புதுசாக இருப்பது. பட்டு, சரிகை, அகலம் எல்லாம் அவரவர் கையில் இருந்த காசைப் பொறுத்தது. (செத்தவர் மேல் போடுவதும் 'கோடி'தான் என்பதை இங்கே சொன்னால் கல்யாண வீட்டில் அபசகுனம் என்பார்கள். சொல்லிவிட்டேன்.)

அரண்மனைக் கல்யாணம் வேறு. தஞ்சை மராட்டியர்களுக்கென்றே கொள்ளிடக் கரையில் கோடாலி கருப்பூரில் நெய்தார்கள். பருத்தியில் சரிகைப் பூ நெய்து, அதன்மேல் மெழுகு எழுதிச் சாயம் தோய்த்து, மறுபடி எழுதி மறுபடி தோய்த்து. தூரத்தில் பார்த்தால் மங்கிய செங்கல் நிறம், கிட்டே போனால் உள்ளிருந்து தங்கம் மினுங்கும். பரோடா, கோலாப்பூர் மாதிரி மராட்டிய அரண்மனைகளுக்கும் போனது. 1855-ல் தஞ்சையின் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார், அரண்மனை போயிற்று, வாங்க ஆளில்லாமல் நெசவும் தேய்ந்தது. இப்போது அந்தப் பழைய புடவையைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

சுடுசொல்:
ஆண்டாளையெல்லாம் கூட்டிவந்தால் நான் என்ன செய்வேன். ஆயிரத்தை நூறாகக் குறைத்துக்கொள்கிறேன்.

நல்லூர்க்காரி:
நீங்கள் எல்லாரும் கூறையைப் பழைய கதை மாதிரிப் பேசுகிறீர்கள். எங்கட யாழ்ப்பாணப் பக்கம் கலியாணச் சேலைக்கு இன்றைக்கும் கூறை என்றுதான் பெயர். காஞ்சிபுரத்தில் எடுத்தாலும் கூறை, கொழும்பில் எடுத்தாலும் கூறை.

பொம்பிளை மணவறைக்கு வேறொரு சேலையோடுதான் வருவா. கூறையையும் தாலியையும் தட்டத்தில் தேங்காயோடு வைத்துச் சபையில் இருக்கிற பெரியாக்கள் எல்லாரிடமும் கொண்டுபோவினம். ஒவ்வொருத்தரும் தொட்டு ஆசீர்வதிப்பினம். அதற்குப் பிறகு மாப்பிள்ளை கூறையைக் கொடுக்க, அவ உள்ளே போய் மாற்றிக்கொண்டு வர, தாலி ஏறும். அந்த மாற்றுகிற நேரம் இருக்கே, பத்து நிமிஷத்தில் மூன்று மாமிமார் சேர்ந்து ஊசி குத்தி இழுத்துக் கட்டி... ஐயர் வெளியில் இருந்து 'நேரம் போகுது' என்று கூப்பிடுவார். எனக்கு இடுப்பில் ஒரு ஊசி குத்தி இரத்தம் வந்தது. ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

1995 ஒக்டோபரில் சண்டையால் எங்கட வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது அம்மா கையில் ஒரேயொரு பை. அதற்குள் காணி உறுதியும் அவவின் கூறையும். 'சேலை எதுக்கு, அரிசியைத் தூக்கு' என்று அப்பா கத்தினார். அவ விடவில்லை. எதற்கு என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. சுமங்கலியாகப் போனால் கூறையோடுதான் போக வேணும் என்று அவவுக்கு ஒரு எண்ணம். அம்மம்மா அப்படித்தான் போனவ. அம்மாவையும் 2011-ல் அந்தக் கூறையைக் கட்டித்தான் அனுப்பினோம்.

பழைய கூறை ஏன் கிடைப்பதில்லை என்று யோசித்தால் இதுவும் ஒரு காரணம். ஆக்களோடு சேர்ந்து எரிந்துவிட்டது.

ஒன்பதுகஜம்:
எங்கள் பக்கத்திலும் சில வீடுகளில் அப்படித்தான். இதை நான் யோசித்ததே இல்லை.

பாளைக்காரி:
நல்லூர்க்காரி அக்கா சொன்னதும் எனக்கு விக்டோரியா மகாராணி ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். கல்யாணம் என்றால் வெள்ளை, இல்லையென்றால் சந்தன நிறம், தலையில் நெட். வெள்ளைதான் ஆதியிலிருந்தே சபை வழக்கம் என்று எங்கள் ஆச்சி சாதிப்பாள். நான் தேடிப் படித்தேன். இங்கிலாந்திலேயே அதற்கு வயது இருநூறு வருஷம்கூட இல்லை. விக்டோரியா 1840 பிப்ரவரி 10-ல் வெள்ளை சாட்டின் உடுத்திக் கல்யாணம் செய்தார். அதற்கு முன்னாலும் வெள்ளை உடுத்திய மணப்பெண்கள் உண்டு, ஆனால் அது சட்டம் இல்லை. அரச குடும்பத்தில் வெள்ளிச் சரிகைத் துணிதான் பெருமை. 1816-ல் இளவரசி சார்லட் உடுத்தியது அப்படிப்பட்டது. ஊர்ப் பெண்கள் நீலம், பழுப்பு, பச்சை என்று தங்களிடம் இருப்பதில் நல்லதை உடுத்தினார்கள், பிறகு அதையே கோயிலுக்கும் விருந்துக்கும் போட்டுத் தேய்த்தார்கள்.

விக்டோரியாவின் பட்டு லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் நெய்தது. லேஸ், டெவன் கடற்கரையில் பீர் என்கிற ஊரில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மாதக்கணக்கில் கையால் பின்னியது. மெஷின் லேஸ் வந்து அவர்கள் பிழைப்பு படுத்துக்கிடந்த நேரம். அந்த லேஸ் எடுப்பாகத் தெரிய வெள்ளை வசதி. நம்ம ஊரில் கைத்தறித் துணி உடுத்தச் சொல்லித் தலைவர்கள் போஸ் கொடுப்பார்களே, கிட்டத்தட்ட அது!

இப்போது ஆச்சரியம். அந்த லேஸை அவர் தூக்கிப் போடவே இல்லை. வயதான பிறகும் எடுத்து எடுத்து அணிந்தார், 1897 வைரவிழாப் படத்திலும் அது இருக்கிறது. 1901-ல் அவரை அடக்கம் செய்தபோது கல்யாண முக்காட்டைப் போர்த்தித்தான் வைத்தார்கள். அம்மம்மாவின் கூறை மாதிரியே.

எங்கள் பக்கத்தில் இந்த வெள்ளை சும்மா வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் வெள்ளை என்றால் தாலி அறுத்தவள் சேலை. ஆச்சியின் அம்மா கல்யாணத்துக்கு வெள்ளை எடுத்தபோது தெருவில் இருந்த சொந்தக்காரர்கள் சிலர் சாப்பிடாமலே போய்விட்டார்களாம். அதனால் ஆச்சிக்குச் சந்தன நிறத்தில் மெல்லிய சரிகைக் கரை வைத்து எடுத்தார்கள். எனக்கும் அதே சந்தனம்தான். காரணம் கேட்டால் 'வெள்ளை சீக்கிரம் அழுக்காகும்' என்று அம்மா சொல்கிறாள்.

பழையபெட்டி:
புடவை என்ன ஆயிற்று என்று சொல்கிறேன் என்றேன் இல்லையா.

பெரியம்மாவிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 1996-ல் தெருவில் ஒருவர் 'பழைய பட்டுப்புடவை, சரிகை வாங்குறோம்' என்று கூவிக்கொண்டு வந்தாராம். பாட்டி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டிரங்குப் பெட்டியில் மூன்று புடவைகள், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து போயிருந்தன. மூன்றையும் எடை போட்டு 350 ரூபாய் கொடுத்தார். பெரியம்மா அந்தப் பணத்தில் இட்லிக் குக்கர் வாங்கினாள். குக்கர் இன்னும் இருக்கிறது.

'அதைக் கட்டவும் முடியாது, கொடுக்கவும் முடியாது, என்னடா செய்வது' என்றாள். கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. போன தீபாவளிக்கு அந்தக் குக்கரில் வெந்த இட்லியைத்தானே தின்றேன்.

தறிவீட்டுப்பையன்:
காஞ்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். தாத்தா காலத்திலிருந்து தறி.

அப்படி வாங்கிப் போகிறவர்கள் புடவையை அப்படியே எரித்துவிடுவார்கள். பட்டு சாம்பலாகும், சரிகை நிற்கும், அதை உருக்கி வெள்ளி எடுப்பார்கள். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வரும், பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, சரிகையில் வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம் என்று விதித்தார்கள். வெள்ளி விலை ஏற ஏற அந்த அளவைக் கட்டிக்காப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வீட்டில் பார்க்க ஒரு வழி: சரிகையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் அசலில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். கடைக்காரர் முன்னால் சுரண்டாதீர்கள், அடிப்பார்.

சுடுசொல் அண்ணன் சொன்ன அகலக் கரை பற்றி ஒரு வார்த்தை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று தனித்தனி ஊடை (குறுக்கு நூல்) கொடுத்து நெய்வதுதான் கோர்வை. ஊடையைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓடும். நெய்கிறவர் ஒரு பக்கம், அடுத்த கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் அந்த ஆள். அப்பா பலகையை அடிக்கும் தாளத்தில் தூங்கிவிடுவேன், நாடா நின்றுபோகும், முதுகில் ஒன்று விழும். உடலும் கரையும் சேரும் இடத்தில் பல்லுப் பல்லாகக் கோத்திருக்கும் பாருங்கள், அங்கே துணி கிழிந்தாலும் கிழியும், கரை பிரியாது. நானே நெய்தவன் என்பதால் சொல்கிறேன், காஞ்சிபுரம் மட்டமில்லை. ஆனால் கூறைப் புடவையின் அழகு வேறு. அதைக் காஞ்சிபுரம் கனத்துக்கு ஏற்றினால் கட்டம் செத்துப்போகும்.

பழையபெட்டி, நெய்து கொடுக்கலாம். ஆனால் போட்டோவை வைத்து நூல் கணக்கு சொல்ல முடியாது. பாவு (நீள நூல்) எது, ஊடை எது, ஒரு கட்டத்துக்கு எத்தனை இழை என்று தெரிய வேண்டும். கைக்குட்டை அளவு துண்டு போதும். வீட்டில் தேடுங்கள். பழைய புடவையில் தலையணை உறை, தூளி, பூஜை அறைத் திரை, ஏதாவது ஒன்று தைத்திருப்பார்கள்.

ஒன்பதுகஜம்:
இன்னும் பீரோவில் பழைய புடவை வைத்திருப்பவர்களுக்கு: ஹேங்கரில் மாட்டாதீர்கள், சரிகையின் கனமே துணியைக் கிழிக்கும். பாச்சை உருண்டை சரிகையில் படக்கூடாது. துவைத்த மல் துணியில் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பழையபெட்டியின் பெட்டியில் கிழிந்தது மடிப்பில்தான்.

பழையபெட்டி:
கிடைத்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். தலையணை உறை இல்லை, தூளி இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் பாட்டியின் வெற்றிலைச் சுருக்குப்பை இருந்தது. வெளியே காவிக் காடா. உள்ளே கையை விட்டுப் புரட்டினேன். உள்துணி அரக்கு, கடுகு நிறத்தில் மெல்லிய கட்டம்! சுண்ணாம்புக் கறை படாத இடத்தில் நேற்றுத் தோய்த்த சாயம் மாதிரி இருக்கிறது. பெரியம்மா வாங்கித் தன் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். இரண்டு பெரிய கட்டம், நடுவில் ஒரு ஒடுங்கிய கட்டம், மறுபடி இரண்டு பெரியது. இரண்டிலும் அதே வரிசை. கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து ஸ்டுடியோவுக்குப் போனபோதும் கூறையைத்தான் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பெரியம்மா சொன்னது சரி.

ஓரத்தில் பிரிந்திருந்த இழைகளை இரண்டு பக்கமும் தனித்தனியாக உருவிக் கொளுத்திப் பார்த்தேன். ஒன்று முடி பொசுங்கும் நாற்றம், சுருண்டு கறுப்பு மணியாகி விரலில் நொறுங்கியது. அடுத்தது காகிதம் மாதிரி சட்டென்று எரிந்தது. ஒரு பக்கம் பட்டு, ஒரு பக்கம் பருத்தி.

ஒரு சந்தேகம்: கடுகு நிறக் கோடு போட்டோவில் வெளிறித் தெரிகிறதே, இருட்டறை ஐயா? மஞ்சள் மங்கும் என்றீர்கள்.

இருட்டறை:
பூதக்கண்ணாடியில் பாருங்கள். கடுகு நூலோடு ஒரு இழை சரிகை ஓடுகிறதா? மினுமினுப்பு எந்த பிலிமிலும் வெள்ளையாகத்தான் விழும்.

பழையபெட்டி:
ஓடுகிறது. கறுத்துப் போயிருக்கிறது, அதனால் கண்ணில் படவில்லை. நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிவப்பு.

தறிவீட்டுப்பையன்:
துண்டைக் கத்தரிக்காதீர்கள். பையோடு கொண்டு வாருங்கள், இங்கேயே இழை எண்ணிக்கொள்கிறேன். ஆவணிக்குள் முடிய வேண்டுமென்றால் இந்த வாரமே வர வேண்டும். கூறைநாட்டுப் பக்கம் இந்தக் கட்டம் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

சுடுசொல்:
எனக்கு வேறு கேள்வி. சுருக்குப்பைக்குள் என்ன இருந்தது?

பழையபெட்டி:
ஒரு சுண்ணாம்பு டப்பி, காய்ந்த பாக்கு, ஓட்டைக் காலணா இரண்டு. காலணாவைத் தங்கை எடுத்துக்கொண்டாள்.